பூவைத் தூங்க வைக்கும் காற்று

பூ ஏன் வாடுகிறது?

வீட்டில் யாரைக் கேட்டாலும், "தண்ணீர் இல்லை, வாடிவிட்டது" என்பார்கள். அது பாதி உண்மைதான். தண்ணீர் நிறைந்த ஜாடியில் நிற்கும் பூவும் வாடுகிறதே! தொட்டியில் செடி பச்சைப் பசேலென்று நிற்கிறது. அதில் பூத்த பூ மட்டும் இதழை உதிர்க்கிறது. அது ஏன்?

பூவுக்கு ஓர் உத்தரவு வருகிறது. "உன் வேலை முடிந்தது. நீ போகலாம்" என்ற உத்தரவு! அதைக் கொண்டு வருவது ஒரு வாயு. அதன் பெயர் எத்திலீன். கண்ணுக்குத் தெரியாது. பூவுக்குப் போதுமான அளவு மூக்குக்கும் தெரியாது. அவ்வளவு கொஞ்சம்.

அந்த உத்தரவு பூவுக்கு எட்டாமல் தடுத்துவிட்டால் என்ன ஆகும்?

தடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரு வாரத்தில் வாட வேண்டிய பூ, இரண்டு வாரத்துக்கு மேலும் மலர்ந்தபடியே இருந்தது. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

சிகாகோவில் தூங்கிய பூக்கள்

அமெரிக்காவில் சிகாகோ நகரம். இருபதாம் நூற்றாண்டு பிறந்த புதிது.

அந்த நகரத்துப் பூ வியாபாரிகளுக்கு ஒரு தொல்லை ஏற்பட்டது. வெளியூர்த் தோட்டங்களில் இருந்து கார்னேஷன் பூக்கள் வந்து இறங்கும். கார்னேஷனை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அடுக்கடுக்கான இதழ். இதழின் ஓரம் கத்தரிக்கோலால் நறுக்கியது போல இருக்கும். நம் நீலகிரியிலும் ஓசூர்ப் பக்கத்திலும் இப்போது பயிராகிறது. கல்யாண மேடை அலங்காரத்தில் வைக்கிறார்கள்.

வந்து இறங்கிய பூக்களைக் கண்ணாடி வீட்டில் வைப்பார்கள். மொட்டுகள் மலர வேண்டும். ஆனால் மலரவில்லை! ஏற்கனவே மலர்ந்த பூக்களோ, இதழ்களை உள்ளே சுருட்டி மூடிக்கொண்டன. "பூ தூங்கிவிட்டது" என்பார்கள் பூக்காரர்கள். தூங்கிய பூ மறுபடி எழுவதில்லை. குப்பைக்குத்தான் போகும்.

பணம் போட்டவர்கள் கையைப் பிசைந்தார்கள். சந்தேகம் எதன் மேல் விழுந்தது தெரியுமா? தெருவில் ஓடிய வாயுக் குழாயின் மேல்!

அந்தக் காலத்தில் மின்சார விளக்கு எல்லா இடத்திலும் வரவில்லை. நிலக்கரியில் இருந்து வாயு எடுத்து, பூமிக்கு அடியில் குழாய் பதித்து, தெருவுக்கும் வீட்டுக்கும் அனுப்பினார்கள். அதைக் கொளுத்தித்தான் விளக்கு எரிந்தது. குழாயில் எங்காவது கசிவு இருக்கும். கசிந்த வாயு மெல்லப் பரவும்.

சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் குரோக்கர், லீ நைட் என்ற இருவர் இதை ஆராய்ந்தார்கள். 1908-ல் முடிவை வெளியிட்டார்கள். விளக்கு வாயுவில் பல சரக்கு கலந்திருக்கிறது. அவற்றில் குற்றவாளி எத்திலீன்தான் என்று கண்டார்கள்.

எவ்வளவு எத்திலீன் இருந்தால் பூ தூங்கும்? அதைக் கேட்டால் திகைத்துப் போவீர்கள். 20 லட்சம் படி காற்றில் ஒரே ஒரு படி எத்திலீன். 12 மணி நேரம் அந்தக் காற்றில் இருந்தால் போதும், மலர்ந்த கார்னேஷன் மூடிக்கொள்கிறது!

ரஷியாவில் இதற்கு 7 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் இந்த வாயுவை அடையாளம் கண்டிருந்தார். அவர் பெயர் திமித்ரி நெல்யுபோவ். செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் ஆராய்ச்சி மாணவராக இருந்தார். ஆய்வுக்கூடத்தில் பட்டாணி முளைக்க வைத்தார். முளை நேராக எழும்பாமல், குட்டையாகத் தடித்து, பக்கவாட்டில் படுத்து வளர்ந்தது. வெளிக்காற்றில் வைத்தால் ஒழுங்காக வளர்ந்தது. வேறு யாராக இருந்தாலும் "விதை சரியில்லை" என்று தூக்கிப் போட்டிருப்பார்கள். அவர் விடவில்லை. ஆய்வுக்கூடத்து விளக்கு வாயுவில் உள்ள எத்திலீன்தான் முளையைப் படுக்க வைக்கிறது என்று 1901-ல் நிரூபித்தார்.

பூவே தயாரிக்கும் நஞ்சு

"எங்கள் தெருவில் வாயு விளக்கு இல்லையே? இங்கேயும் பூ வாடுகிறதே?" என்று கேட்பீர்கள்.

நல்ல கேள்வி. இதற்கு விடை கிடைக்க 1934 வரை ஆயிற்று. இங்கிலாந்தில் ரிச்சர்ட் கேன் என்பவர், பழுக்கும் ஆப்பிள் தானே எத்திலீனை வெளிவிடுகிறது என்று ரசாயன முறையில் காட்டினார். அதன் பிறகு தெரிந்தது. ஆப்பிள் மட்டும் அல்ல. வாழை, தக்காளி, இலை, பூ எல்லாமே இந்த வாயுவைத் தயாரிக்கின்றன!

நம் பாட்டிமார்களுக்கு இது பெயர் தெரியாமல் தெரிந்த விஷயம். மாங்காயை வைக்கோலில் புதைத்து வைப்பார்கள். அரிசிப் பானைக்குள் போட்டு மூடுவார்கள். காயில் இருந்து வரும் எத்திலீன் வெளியே போகாமல் அங்கேயே தங்கும். காய் சீக்கிரம் பழுக்கும். வாழைத்தாரை அறையில் வைத்துப் புகை போடுவதும் இதே கணக்குத்தான். புகையிலும் எத்திலீன் இருக்கிறது. (கார்பைட் கல் வைத்துப் பழுக்க வைப்பது வேறு. அதற்கு நம் நாட்டில் தடை இருக்கிறது. அந்தப் பழத்தை வாங்காதீர்கள்.)

காய்க்கு "பழு" என்று சொல்லும் அதே வாயு, பூவுக்கு "வாடு" என்று சொல்கிறது.

செடி ஏன் தன் பூவைத் தானே வாட வைக்க வேண்டும்? அதில் ஒரு சிக்கனம் இருக்கிறது. பூ மலர்வது வண்டு வருவதற்காக. வண்டு வந்து மகரந்தம் சேர்ந்துவிட்டால் பூவின் வேலை தீர்ந்தது. அப்புறம் அந்த இதழுக்கு ஏன் சாப்பாடு போட வேண்டும்? ஆகவே எத்திலீன் உத்தரவு பிறக்கிறது. இதழில் உள்ள சத்தைச் செடி திரும்ப எடுத்துக்கொள்கிறது.

ஆர்க்கிட் பூவில் இதை நன்றாகப் பார்க்கலாம். வண்டு வராத ஆர்க்கிட் வாரக்கணக்கில் மலர்ந்து நிற்கும். மகரந்தம் பட்டால் சில நாளில், சில வகைகளில் அதற்கும் முன்பே, தலை தொங்கிவிடும். பெட்டியில் அடுக்கி அனுப்பும்போது குலுக்கலில் ஒரு பூவின் மகரந்தம் உதிர்ந்தாலும் வம்புதான். அந்தப் பூ எத்திலீனை விடும். பக்கத்துப் பூ அதை வாங்கி வாடும். வாடும்போது அதுவும் எத்திலீன் விடும். ஒரு பூவில் ஆரம்பித்தது, பெட்டி முழுவதும் பரவும்.

வெள்ளி செய்த வேலை

ஆகவே வழி இரண்டு. பூ எத்திலீன் தயாரிக்காமல் தடுக்கலாம். அல்லது, எத்திலீன் வந்தாலும் பூ அதைக் கண்டுகொள்ளாமல் செய்யலாம்.

முதல் வழிக்கும் மருந்துகள் உண்டு. ஆனால் அவற்றில் ஒரு குறை. பூ தன் எத்திலீனை நிறுத்தினாலும், பக்கத்தில் இருக்கும் பழத்தின் எத்திலீன் வந்து தாக்குமே? லாரிப் புகையில் உள்ள எத்திலீன் வருமே? ஆகவே இரண்டாவது வழிதான் பலமான வழி.

அந்த வழியைத் திறந்து வைத்தவர் எல்மோ பேயர் என்ற அமெரிக்க விஞ்ஞானி. 1976-ல் அவர் வெள்ளி உப்பைக் கரைத்துச் செடிகளில் தெளித்துப் பார்த்தார். வெள்ளி என்றால் நம் கொலுசு வெள்ளியேதான், உப்பு வடிவத்தில். எத்திலீன் பட்டும் பட்டாணி முளை படுக்கவில்லை. பருத்தி இலை உதிரவில்லை. ஆர்க்கிட் பூ வாடவில்லை!

ஆனால் பறித்த பூவில் ஒரு சங்கடம் வந்தது. காம்பை வெள்ளி நைட்ரேட் தண்ணீரில் வைத்தால், வெள்ளி காம்பின் அடியிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. மேலே பூ வரைக்கும் சரியாக ஏறவில்லை.

இதற்கு 1978-ல் ஹாலந்து நாட்டில் பரிகாரம் கிடைத்தது. வேன், வான் டி கெய்ன் என்ற இருவர் வெள்ளி நைட்ரேட்டோடு சோடியம் தயோசல்பேட் என்ற உப்பைச் சேர்த்தார்கள். இரண்டும் சேர்ந்து வெள்ளி தயோசல்பேட் ஆனது. அது காம்பில் ஒட்டவில்லை. மளமளவென்று மேலே ஏறிப் பூவை அடைந்தது.

சோடியம் தயோசல்பேட் என்றால் ஏதோ அபூர்வப் பொருள் என்று நினைக்க வேண்டாம். பழைய போட்டோ ஸ்டூடியோக்காரர்களைக் கேளுங்கள். "அட, நம்ம ஹைப்போ!" என்பார்கள். பிலிம் கழுவிய காலத்தில், இருட்டறையில் பிலிமில் மிஞ்சிய வெள்ளி உப்பைக் கரைத்து எடுக்க ஹைப்போவைத்தான் பயன்படுத்தினார்கள். கரையும்போது உண்டானதும் இதே வெள்ளி தயோசல்பேட்தான். கல்யாணப் படத்தைக் கழுவிய தண்ணீரில் இருந்த பொருள், கல்யாணப் பூவை வாடாமல் காக்கும் என்று அன்று யார் நினைத்தார்கள்?

பலன் கைமேல் தெரிந்தது. சாதாரணமாக ஒரு வாரம் தாங்கும் கார்னேஷன், சிறிது நேரம் இந்த மருந்தைக் குடித்தபின் இரண்டு வாரம், அதற்கு மேலும் தாங்கியது. ஹாலந்து நாட்டின் பெரிய பூ ஏலக்கூடங்களில், கார்னேஷனுக்கு மருந்து ஊட்டித்தான் கொண்டு வர வேண்டும் என்று விதியே செய்தார்கள்.

தொட்டிச் செடிகளுக்கும் இதைத் தெளித்தார்கள். ஜெரேனியம் என்று ஒரு செடி. கொத்துக் கொத்தாகப் பூக்கும். இருட்டான லாரிக்குள் ஒருநாள் பயணம் செய்தால், கடைக்கு வரும்போது இதழெல்லாம் உதிர்ந்து வெறும் காம்புதான் நிற்கும். மருந்து தெளித்த செடி, பூவோடு வந்து சேர்ந்தது.

மருந்தே நஞ்சானால்?

இங்கேதான் ஒரு முட்டுக்கட்டை வந்தது.

பூ குடித்தது போக மிஞ்சிய மருந்தை என்ன செய்வது? சாக்கடையில் கொட்டினால் ஆற்றுக்குப் போகும். நீரில் கரைந்த வெள்ளி உப்பு மீனுக்கும், நீரில் வாழும் சிற்றுயிர்களுக்கும் கொடிய நஞ்சு. மருந்து குடித்த பூவும் வாடிய பிறகு குப்பைக்குத்தான் போகிறது. அதற்குள்ளும் வெள்ளி இருக்கிறது.

பூ இன்னும் ஒரு வாரம் அழகாக இருப்பதற்காக ஆற்றைக் கெடுக்கலாமா? கூடாது என்பதுதான் என் கட்சி. பலரும் அப்படியே நினைத்தார்கள். கழிவைக் கொட்டக் கட்டுப்பாடுகள் வந்தன. வெள்ளி இல்லாத வேறு மருந்து வேண்டும் என்று தேடத் தொடங்கினார்கள்.

தேடியவர்களில் இருவர் வெற்றி பெற்றார்கள். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த எட்வர்டு சிஸ்லர், சில்வியா பிளாங்கன்ஷிப் என்ற இருவர். சிஸ்லர் உயிர் ரசாயன நிபுணர். பிளாங்கன்ஷிப் அம்மையார் தோட்டக்கலை நிபுணர்.

முதலில் அவர்கள் கையில் கிடைத்த பொருள் எத்திலீனை நன்றாகத் தடுத்தது. ஆனால் அது வெடிக்கும் தன்மை உள்ளது! வெடிக்கும் மருந்தைப் பூக்கடையில் வைக்க முடியுமா? மேலும் தேடினார்கள். கடைசியில் கிடைத்தது 1-மெத்தில்சைக்ளோபுரோப்பீன். வாயில் நுழையாத பெயர். ஆகவே எல்லோரும் 1-எம்.சி.பி. என்கிறார்கள். 1996-ல் காப்புரிமை கிடைத்தது. 1999-ல் அமெரிக்க அரசு இதைப் பூக்களுக்கும் அலங்காரச் செடிகளுக்கும் அனுமதித்தது. 2002-ல் ஆப்பிள் போன்ற பழங்களுக்கும் அனுமதி வந்தது.

இதுவும் ஒரு வாயுதான். வாயுவை வாயுவால் வெல்லும் வித்தை! ஆனால் வாயுவைப் பையில் போட்டு விற்க முடியாதே? அதற்கும் வழி செய்தார்கள். மாவுச்சத்தில் இருந்து செய்த ஒரு வகைச் சர்க்கரைப் பொடிக்குள் இந்த வாயுவை அடைத்தார்கள். பொடியைத் தண்ணீரில் போட்டால் வாயு வெளியே வரும். பூக்களை மூடிய அறையில் வைத்து, பொடியைத் தண்ணீரில் கலந்து, சில மணி நேரம் கதவைச் சாத்திவிட்டால் வேலை முடிந்தது. பத்து லட்சம் பங்கு காற்றில் ஒரு பங்கு வாயு இருந்தாலே அதிகம்.

திண்டுக்கல் பூட்டைப் போல

இந்த மருந்துகள் உள்ளே என்னதான் செய்கின்றன?

ஒரு பூட்டை நினைத்துக்கொள்ளுங்கள். நல்ல திண்டுக்கல் பூட்டாகவே இருக்கட்டும். பூவின் ஒவ்வொரு அணுவறையிலும் இப்படிப் பல பூட்டுகள் இருக்கின்றன. எத்திலீன்தான் சாவி. சாவி நுழைந்து திரும்பினால் வாடும் வேலை தொடங்கும்.

பூட்டுக்குள் சாவி பற்றும் இடத்தில் ஒரு துளிச் செம்பு இருக்கிறது. ஆமாம், செம்புதான்! அந்தச் செம்பைத்தான் எத்திலீன் பிடிக்கிறது. வெள்ளி என்ன செய்கிறது என்றால், செம்பின் இடத்தில் தான் போய் உட்கார்ந்துகொள்கிறது. அப்புறம் சாவி நுழையும். ஆனால் திரும்பாது.

1-எம்.சி.பி.யின் தந்திரம் வேறு. அது கள்ளச் சாவி. எத்திலீனைப் போலவே பூட்டுக்குள் நுழையும். நுழைந்தபின் வெளியே வராது. உண்மைச் சாவி வந்தால் நுழைய இடம் இருக்காது.

அப்படியானால் பூ என்றைக்குமே வாடாதா?

வாடும். செடி சும்மா இருப்பதில்லை. புதுப் பூட்டுகளைச் செய்துகொண்டே இருக்கிறது. புதுப் பூட்டில் கள்ளச் சாவி இல்லை. ஆகவே சில நாளில் எத்திலீனின் ஆட்சி திரும்பி வரும். இந்த வகையில் வெள்ளிக்குத்தான் பலம் அதிகம். அது பூவிலேயே தங்கிவிடும். 1-எம்.சி.பி.யின் காவல் சில நாளைக்குத்தான். சுத்தமான மருந்துக்கு நாம் கொடுக்கும் விலை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். எல்லாப் பூவும் எத்திலீனுக்குப் பயப்படுவதில்லை. கார்னேஷன் பயப்படும். ஆர்க்கிட் பயப்படும். ரோஜாவில் சில ரகம் பயப்படும், சில ரகம் கவலைப்படாது. சாமந்தியும் ஜெர்பராவும் பெரும்பாலும் அலட்டிக்கொள்வதே இல்லை. அவற்றுக்கு இந்த மருந்தைக் கொடுப்பது வீண் செலவு. வாடத் தொடங்கிவிட்ட பூவுக்குக் கொடுப்பதும் வீண். பூட்டுத் திறந்தபின் கள்ளச் சாவி எதற்கு?

தண்ணீருக்கும் சாப்பாட்டுக்கும் இந்த மருந்து மாற்று அல்ல. காம்பில் அழுக்கு அடைத்து, தண்ணீர் ஏறாமல் தலை தொங்கும் பூவை எந்தச் சாவியும் காப்பாற்றாது.

புதுப் பூவா, பழைய பூவா?

வாங்குகிறவர்கள் பக்கம் இருந்து ஒரு கேள்வி. பறித்துப் பல நாள் ஆன பூவை, புதுப் பூ போல நம் தலையில் கட்டிவிடுவார்களே?

நியாயமான சந்தேகம். மருந்து கொடுத்த ஆப்பிள், குளிர்ந்த கிடங்கில் மாதக்கணக்கில் கிடந்து வந்தாலும் கடித்தால் மொறுமொறு என்கிறது. ஆனால் மணம் சற்றுக் குறையலாம். ஏனென்றால் பழத்துக்கு மணத்தைக் கொடுப்பதிலும் எத்திலீனுக்குப் பங்கு இருக்கிறது. எப்போது பறித்தது என்று சொல்லி விற்றால் யாருக்கும் மனக்குறை இராது.

பயிரிடுகிறவர் பக்கமும் பார்க்க வேண்டும். மலையில் பறித்த பூ, லாரி ஏறி, விமானம் ஏறி, கடைக்குப் போய், ஒருவர் வீட்டு ஜாடியை அடைகிறது. வழியில் வாடினால் அத்தனை உழைப்பும் குப்பை. அவருக்கு இரண்டு நாள் கூடக் கிடைத்தாலே பெரிய காரியம்.

வீட்டில் என்ன செய்யலாம்?

வெள்ளி மருந்தை வீட்டில் கலக்கிப் பார்க்கும் ஆசை வேண்டாம். வெள்ளி நைட்ரேட் கையில் பட்டால் தோல் கறுக்கும். கண்ணில் பட்டால் ஆபத்து. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அது கூடவே கூடாது.

காசு செலவில்லாத வழிகளே போதும். பூ ஜாடியையும் பழத் தட்டையும் ஒரே மேஜையில் வைக்காதீர்கள். பல வீடுகளில் அழகுக்காக இரண்டையும் பக்கத்தில்தான் வைக்கிறார்கள்! வாங்கி வந்த பூவைப் பழப் பையில் போட்டு மூடாதீர்கள். குளிர்ப்பெட்டியிலும் பழம் ஒரு பக்கம், பூ ஒரு பக்கம் இருக்கட்டும். வாடிய பூவையும் மஞ்சளான இலையையும் அப்போதைக்கப்போது கிள்ளி எடுத்துவிடுங்கள். அவை சும்மா இருப்பதில்லை, எத்திலீன் விட்டுக்கொண்டிருக்கும். அடுப்புப் புகை படும் இடத்திலும் ஜாடி வேண்டாம். தண்ணீரைத் தினம் மாற்றி, காம்பின் நுனியைச் சிறிது நறுக்கிவிடுங்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு வேடிக்கை காட்டலாம். இரண்டு கார்னேஷன் பூ வாங்குங்கள். இரண்டு டம்ளர் தண்ணீரில் நிறுத்துங்கள். இரண்டையும் தனித்தனியே பெரிய பிளாஸ்டிக் பையால் மூடிக் கட்டுங்கள். ஒரு பைக்குள் மட்டும் நன்றாகப் பழுத்த ஆப்பிளையோ வாழைப்பழத்தையோ வையுங்கள். வெயில் படாத மூலையில் ஓரிரண்டு நாள் இருக்கட்டும். பிறகு பையைப் பிரித்து, எந்தப் பூ தூங்கிவிட்டது என்று அவர்களையே சொல்லச் சொல்லுங்கள்.